கொட்டிலில் நின்று பார்ப்போம்: வைக்கோல் கட்டும் இயந்திரமும் நமது தெரிவும்

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, மன்னார் கட்டுக்கரைக் குளத்தின் கீழோ கிளிநொச்சி இரணைமடுவின் கீழோ உள்ள வயல்வெளிகளுக்கூடாக மாலை வேளையில் பயணம் செய்தவர்கள், வரிசை வரிசையாக வைக்கோல் எரிவதைக் கண்டிருப்பார்கள். அதே பாதையால் ஆடி, ஆவணி மாதங்களில் திரும்பி வந்தால், விலா எலும்பு தெரியும் மாடுகள் தெருவோரத்துக் காய்ந்த புல்லைக் கரம்பிக்கொண்டு நிற்பதைக் காணலாம். சிறுபோகம் செய்த வயலுக்குள் அவை இறங்க முடியாது. மேய்ச்சற்தரை என்று முன்பு சொல்லப்பட்ட நிலங்களிற் பல இன்று மேய்ச்சற்தரையாக இல்லை. ஆறு மாதத்துக்கு முன் நாம் எரித்தது இந்த மாடுகளின் உணவையே என்பதை அந்த நேரத்தில் எவரும் நினைப்பதில்லை.

எருமைகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் வீணாகியதில்லை. நெல்லைத் தூற்றிய பின் வைக்கோல் பட்டடையாகக் குவிக்கப்பட்டு, மழைக்கும் வெயிலுக்கும் நின்று, ஆண்டு முழுவதும் மாட்டுக்கு உணவாகியது. சூடு மிதிக்கும் மாட்டுக்கும் அந்த விளைச்சலில் பங்கு உண்டு என்று இணைச்சட்ட நூலின் 25 ஆம் அதிகாரம் நினைவூட்டும் நீதியை, அந்தக் கமக்காரர்கள் வேதாகமத்தைத் திறக்காமலே கடைப்பிடித்தார்கள். இன்று அறுவடை இயந்திரம் ஒரு நாளிற் பல ஏக்கரை வெட்டி, அடித்து, வைக்கோலை வயலிலேயே விட்டுச் செல்கிறது. அதை அள்ளிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரக் கூலியாளும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே தீக்குச்சியே இலகுவான வழியாகிவிட்டது.

இந்த நிலையில் உழவு இயந்திரத்தின் பின்னாற் பூட்டி இழுக்கும் வைக்கோல் கட்டும் இயந்திரம் நமது பிரதேசங்களுக்கு வந்திருப்பதை நாம் வரவேற்கிறோம். வைக்கோலைப் பற்களால் அள்ளி, உள்ளே உருட்டி இறுக்கி, மேலே கட்டுப் போட்டு, உருளையாக வெளியே தள்ளுவதே அதன் வேலை. பல கமக்காரர் அமைப்புகளும் பாற் கூட்டுறவுச் சங்கங்களும் இப்போது இதனைக் கேட்டு விண்ணப்பிக்கின்றன. விண்ணப்பங்களில் என்ன குதிரைவலு, என்ன விலை என்ற விபரங்கள் இருக்கின்றன. கட்டை எதனாற் சுற்றுவது, வலையாலா கயிற்றாலா என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் ஒரு வரிதான்: “வலை சுற்றுவது புதியது, ஆகவே அதுவே வேண்டும்.” இந்த ஒரு வரியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

முதலில் வலையின் சிறப்பை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். கயிறு என்றால் ஒரு கட்டைப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது சுற்ற வேண்டும். வலை, கட்டின் முழு அகலத்தையும் மூடுவதால் இரண்டு அல்லது மூன்று சுற்றுப் போதும். சுற்றும் நேரத்தில் இயந்திரம் முன்னே நகர முடியாது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கட்டுகள் போடும்போது இந்த நேர வித்தியாசம் டீசலாகவும் வாடகையாகவும் கணக்கில் ஏறும். அறுவடை இயந்திரத்தால் நொறுங்கிய குறுகிய வைக்கோல், கயிற்றின் இடைவெளிகளால் உதிர்ந்து போகும், வலைக்குள் நிற்கும். லொறியில் ஏற்றி இறக்கினாலும் வலைக் கட்டுக் குலையாது. பெரிய பண்ணைகளை உடைய நாடுகளில் வலை கயிற்றை ஓரங்கட்டியதற்கு இவையே காரணங்கள்.

ஆயினும் இந்தக் காரணங்கள் அனைத்தும் உழவு இயந்திரத்தின் இருக்கையில் இருப்பவரும் லொறியில் ஏற்றுபவரும் காணும் நன்மைகள். கட்டின் பயணம் அங்கு முடிவதில்லை. அது ஒரு நாள் மாலையில், ஒரு வீட்டின் பின்புறக் கொட்டிலில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையாலோ பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளையின் கையாலோ அவிழ்க்கப்படுகிறது. அந்த இடத்தில் வலையின் மறுபக்கம் தெரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துக்கு வலை சுற்றும் இயந்திரம் ஒன்று கிடைக்க நாமும் துணை நின்றோம். அதற்கான கடிதத்தில் எமது கையொப்பமும் இருந்தது. முதற் போகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் ஆண்டு கோடையில், கணவனை இழந்த ஒரு தாயின் கறவைப் பசு தீன் எடுப்பதைக் குறைத்தது. வயிறு அடிக்கடி ஊதியது. தின்னக் கொடுத்தும் மெலிந்துகொண்டே போய், ஒரு நாள் விழுந்தது, எழும்பவில்லை. மிருக வைத்தியர் வெட்டிப் பார்த்தபோது வயிற்றுக்குள் தேங்காயளவில் முறுகித் திரண்ட வலை இருந்தது. ஈர வைக்கோலோடு ஒட்டிக்கிடந்த வலைத்துண்டுகள் சிறிது சிறிதாக உள்ளே போயிருந்தன. அந்தத் தாய் எம்மைக் குறை கூறவில்லை. “இதை முதலே ஒருத்தரும் சொல்லேல்லையே, பாதர்” என்று மட்டும் சொன்னார். இயந்திரத்தை எப்படிப் பூட்டுவது, எங்கே எண்ணெய் விடுவது என்று ஆண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தோம். மாட்டுக்குத் தீன் போடும் பெண்களை அந்தப் பயிற்சிக்கு அழைக்கவே இல்லை.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. வலை பொலித்தீன் வகையைச் சேர்ந்த இழையினால் ஆனது. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டுப்போடும் பொருட்களை மாட்டின் இரைப்பையில் வைத்துச் சோதித்தபோது, சிசல் நார்க் கயிறு நாட்கள் செல்லச் செல்லக் கரைந்தது. வலை கரையவே இல்லை. அகப்பட்ட வலையைச் சத்திரசிகிச்சை செய்தே எடுக்கலாம். ஒரு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது நடைமுறையில் இல்லை என்பதற்குச் சமம். கயிறு என்றாலே பாதுகாப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்ரிக் கயிறும் வலையைப் போலவே கரையாது. சணல் அல்லது சிசல் கயிற்றையே நாம் இங்கு கயிறு என்கிறோம்.

சிறியதொரு கணக்கைப் பார்ப்போம். நடுத்தர உழவு இயந்திரத்தாற் சுலபமாக இயக்கக்கூடிய சிறிய வகை இயந்திரம் போடும் கட்டு, சுமார் 50 முதல் 60 சென்ரிமீற்றர் விட்டமும் 15 முதல் 25 கிலோ நிறையும் உடையது. ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் என்றால், 100 நாள் வரட்சிக்கு 500 கிலோ, அதாவது 20 கிலோக் கட்டுகள் 25 தேவை. நான்கு மாடுள்ள குடும்பத்துக்கு 100 கட்டு. ஒரு கட்டுக்கு வலை சுமார் 4 மீற்றர். எனவே அந்த வீட்டுக்குள் ஒரு கோடையில் 400 மீற்றர் வலை வருகிறது. இப்படி 30 குடும்பம் உள்ள கிராமத்தில் 12 கிலோமீற்றர். இவ்வளவையும் துண்டு விடாமல் அவிழ்த்து எடுப்பது யார்? எடுத்த பின் எங்கே போடுவது? எரித்தால் நச்சுப்புகை, வேலியோரத்தில் எறிந்தால் மீண்டும் மாட்டின் வாய்க்கே வரும்.

“மக்களுக்கு விழிப்புணர்வு கொடுத்தால் சரிதானே” என்று சிலர் கூறலாம். விழிப்புணர்வு வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. இருட்டும் வேளையில், அடுப்பில் உலையும் தொட்டிலில் குழந்தையும் இருக்க, மாட்டுக்குத் தீன் போடும் ஒருவர் ஒவ்வொரு நாளும் தவறாமற் செய்தால்தான் ஆபத்து இல்லை என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடு அல்ல. ஒரு நாள் தவறினாலும் ஆபத்து நேராத ஏற்பாட்டையே ஏழைகளுக்காக நாம் தேட வேண்டும்.

இன்னொரு விடயத்தையும் 2022 நமக்குக் கற்பித்தது. டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். உதிரிப்பாகங்கள் கிடைக்காமல் இயந்திரங்கள் முடங்கின. வலைச் சுருளும் இறக்குமதிப் பொருளே. வலை மட்டும் சுற்றும் இயந்திரம், சுருள் கிடைக்காத ஆண்டில் தகரக் கொட்டிலுக்குள் நிற்கும் இரும்பு மட்டுமே. சணலும் சிசலும் கூட வெளியிலிருந்துதான் வருகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரு வழி உள்ளவர் ஒரு வழி அடைபட்டாலும் நடப்பார். நமது தென்னந்தும்புக் கயிற்றைச் சீரான பருமனில் திரித்தால் இந்த இயந்திரங்களில் ஓடுமா என்பதையும் யாராவது சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஆகவே நமது நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறுகிறோம். கிராமத்துக்குப் பொதுவாக வாங்கும் இயந்திரம், கயிறும் வலையும் ஆகிய இரண்டையும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை சந்தையில் உண்டு. நமது சொந்த மாடுகளுக்கான கட்டைச் சணல் அல்லது சிசல் கயிற்றாற் கட்டுவோம். அதனால் நேரம் சற்றுக் கூடும், வைக்கோலும் கொஞ்சம் உதிரும். அந்த நட்டத்தை ஒரு பசுவின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தூர இடங்களுக்கு விற்கும் கட்டுகளுக்கு வலையைப் பயன்படுத்தலாம், வாங்குபவருக்கு ஆபத்தை எடுத்துச் சொல்லிய பின். ஏற்கெனவே வலை இயந்திரம் வைத்திருக்கும் சங்கங்கள் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சிறு தொகையை வைப்பாக வாங்கி, வலையைத் திருப்பிக் கொண்டுவந்து எண்ணிக் கொடுப்பவருக்கு அதனை மீளக் கொடுக்கட்டும். கணக்கு வைத்தால் வலை கொட்டிலில் தங்காது.

கட்டின் பருமனைப் பற்றியும் ஒரு சொல். பெரிய இயந்திரம் போடும் ஒன்றேகால் மீற்றர் விட்டமுள்ள கட்டைத் தூக்க இன்னொரு இயந்திரம் வேண்டும். ஒரு பெண் தனியே உருட்டிச் செல்லக்கூடிய கட்டே நமக்கு ஏற்ற கட்டு. வைக்கோல் நன்றாகக் காய்ந்த பின்பே கட்ட வேண்டும். பனி ஈரத்தோடு கட்டினால் வலையானாலும் கயிறானாலும் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். கட்டுகளை நிலத்தில் நேரே வைக்காது மரக்குற்றிகளின் மேல், கூரையின் கீழ் அடுக்க வேண்டும்.

வயலை மறந்துவிட்டு மாட்டைப் பற்றி மட்டும் பேசுவதும் நீதியாகாது. ஒரு தொன் வைக்கோலோடு 14 முதல் 20 கிலோ வரையான பொட்டாஷ் சத்து வயலை விட்டுப் போகிறது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மண்ணில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை எல்லோரும் அனுபவித்து அறிந்தோம். எனவே வைக்கோல் முழுவதையும் அள்ளாமல் ஒரு பங்கை வயலில் உழுது விடுவோம். கொட்டிலுக்குப் போன பங்கு எருவாகத் திரும்பி வரட்டும். வைக்கோலை விற்றுப் பணமாக்கி எருவைத் திருப்பாதவர் தமது வயலைச் சிறிது சிறிதாக விற்கிறார்.

வைக்கோல் தனியே நிறைவான உணவும் அல்ல. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தும் முறை 1980களிலேயே இந்த நாட்டில் ஆராயப்பட்டுப் பரப்பப்பட்டது. பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டறிந்து அதனைச் செய்வோருக்கு கட்டு வைக்கோல் இரட்டிப்புப் பயன் தரும். 2022 மார்கழியில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரே குளிரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். குளிர் நம் கையில் இல்லை. மாடு மெலிந்த உடலோடு குளிரைச் சந்திப்பதா, தின்று தேறிய உடலோடு சந்திப்பதா என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

நிதி வழங்குவோருக்கும், எம்மைப் போன்ற இடைநிலை ஊழியர்களுக்கும் இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இத்தகைய இயந்திரத்தைத் தெரிவு செய்யக் கூட்டம் கூட்டும்போது, உழவு இயந்திரம் வைத்திருப்போரை மட்டும் அழைக்காதீர்கள். பால் கறப்பவரையும் தீன் போடுபவரையும் முன்வரிசையில் இருத்துங்கள். விலைப்பட்டியலை விரிக்கும் முன், ஒரு கட்டைக் கொண்டு வந்து அவர்களின் முன் வைத்து அவிழ்க்கச் சொல்லுங்கள். அவர்கள் அதனை அவிழ்க்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எந்த இயந்திரம் என்பது பாதி முடிவாகிவிடும்.

எமது கையொப்பத்தோடு போன அந்த வலைக்கு ஒரு பசு பலியாகியது. அந்தத் தாய்க்கு இன்னொரு பசுவை வாங்கிக் கொடுத்தோம். அதனாற் கணக்கு முடிந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை. இந்தக் கட்டுரையை வாசிக்கும் ஒரு சங்கமாவது இயந்திரத்துக்கு விண்ணப்பிக்கும் முன் கொட்டிலுக்குள் ஒரு தடவை போய்ப் பார்க்குமானால், அந்தக் கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.