காலம் காட்டாத உத்தரவாதம்

இலக்கியம் பேசக் கூடும் இடத்தில் ஸ்கூட்டர் புராணம் எதற்கு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நாம் பேசப்போவது ஒரு வாக்கியத்தைப் பற்றி. அந்த வாக்கியம் ஒரு ஸ்கூட்டரின் மீதேறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதே வண்டிக்கும் இக்கட்டுரைக்கும் உள்ள உறவு. வாக்கியம் இதுதான்: "உதிரிபாகம் வந்தவுடன் சரிசெய்து தரப்படும்."

நாங்கள் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். ஒருவருக்குக் கல்லூரி, மற்றவருக்குப் பள்ளி. பள்ளி இருப்பது சேரன்மகாதேவிப் பக்கம். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இரண்டு பேருந்து மாறிச் செல்லும் அலைச்சல் தீரட்டும் என்று 2024 ஆவணியில், பெரும்பகுதி கடனாக, ரூ.1,38,000-க்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வண்டியை எடுத்தோம். ஐப்பசி மழையில் ஒருநாள் அது நடுவழியில் நின்றது. சர்வீஸ் சென்டரில் 9 நாள் கிடந்து திரும்பியது. இரண்டு வாரத்தில் மீண்டும் நின்றது. கண்ட்ரோலர் போய்விட்டது, மாற்ற வேண்டும், கம்பெனியிலிருந்து வரவேண்டும் என்றார்கள். இம்முறை 52 நாள். ஆக, வாங்கிய முதல் அரையாண்டுக்குள் 61 நாள் வண்டி எங்களிடம் இல்லை. மாதத் தவணை மட்டும் நாள் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

இழப்பு பேருந்துக் கட்டணத்தோடும் ஆட்டோக் கூலியோடும் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை 8.15-க்கு ஒரு சிறப்பு வகுப்பு நடந்துவந்தது. வண்டியை நம்பித் தொடங்கிய வகுப்பு அது. பேருந்தில் போனால் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர இயலாது. அரையாண்டுத் தேர்வுக் காலத்தில் அந்த வகுப்பு நின்றுபோனது. சற்றே பின்தங்கிய பிள்ளைகள்தாம் அதற்கு வருபவர்கள். உத்தரவாதக் கையேட்டில் அவர்களுக்கென்று ஒரு வரியும் இல்லை. அவர்கள் அந்த ஒப்பந்தத்தில் தரப்பினரும் அல்லர்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். வினைமுற்று செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறையும் உணர்த்த வேண்டும் என்பது நன்னூல் படித்த மாணவர்கள் அறிந்த இலக்கணம். "சரிசெய்து தரப்படும்" என்பதில் செயல் இருக்கிறது. செய்பொருள் எங்கள் வண்டி. செய்பவன் யார்? முகவரைக் கேட்டால் நிறுவனம் என்கிறார். நிறுவனத்தின் இலவசத் தொலைபேசியில் கேட்டால், முகவரிடம் விசாரியுங்கள் என்கிறார்கள். செயப்பாட்டுவினையின் பெரிய வசதி, எழுவாயை ஒளித்துவைக்க அது இடம் தருகிறது என்பது. காலம் எது? "வந்தவுடன்." எப்போது வரும்? "அனுப்பியவுடன்." எப்போது அனுப்புவார்கள்? அதற்கு விடை சொல்லக்கூடிய மனிதரை 52 நாளில் நாங்கள் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை.

கையேட்டைப் புரட்டிப் பார்த்தோம். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர், எந்தெந்தப் பாகத்துக்கு உண்டு, என்னென்ன செய்தால் அது இல்லாமற்போகும் என்பன வெகு துல்லியமாக எழுதப்பட்டுள்ளன. எண்களுக்குப் பஞ்சமில்லை. பழுதை எத்தனை நாளில் நீக்குவார்கள் என்ற ஓர் எண் மட்டும் இல்லை. இது மறதியால் நேர்ந்ததன்று. வாங்குபவரின் கடமைகளுக்கெல்லாம் கெடு குறிக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் கடமைக்கும் ஒரு கெடு குறிக்கத் தெரியாதா? இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. பட்டறையில் வண்டி கிடந்த 61 நாளும் உத்தரவாதக் காலத்திலிருந்தே கழிந்தன. மூன்றாண்டு என்று சொல்லி விற்ற பாதுகாப்பை, தாமதம் செய்தவரே நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டும் வருகிறார். கடன்பட்டவன் திருப்பிக் கொடுக்கத் தாமதிக்கத் தாமதிக்கக் கடன் குறைந்துகொண்டே வரும் அதிசயத்தை வேறெங்கும் கண்டதில்லை.

ஏன் இந்தத் தாமதம்? கைத்திறன் இல்லாமையன்று. பாகம் கைக்கு வந்தபின் அந்த இளைஞர் அதைப் பொருத்தி ஓட்டிப் பார்க்க ஒரு பிற்பகல்கூட ஆகவில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. புதிய வண்டியில் ஏறும் பாகம் வருவாய். பழைய வண்டிக்கு உத்தரவாதத்தில் மாற்றித்தரும் பாகம் செலவு. ஒரே பாகத்துக்கு உற்பத்தி வரிசையும் சர்வீஸ் சென்டரும் கைநீட்டும்போது எந்தக் கைக்கு அது முதலில் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? முகவருக்கும் இதில் ஆர்வமில்லை. உத்தரவாத வேலைக்கு நிறுவனம் தருவது அது நிர்ணயித்த கூலியே. காசு கொடுத்து வேலை வாங்கும் வாடிக்கையாளரே அவருக்கு முதன்மை. இடையில் பழுதைப் படமெடுத்து அனுப்புவது, நிறுவனம் ஒப்புதல் தருவது, பாகத்துக்குப் பதிவு செய்வது என்று படிகள் பல. ஒவ்வொரு படியிலும் கோப்பு உறங்கலாம். உறங்கினால் எவருக்கும் நட்டமில்லை, வண்டிக்காரரைத் தவிர.

"புதிய தொழில்நுட்பம் ஐயா, கொஞ்சம் பொறுத்துத்தான் போகவேண்டும்" என்று சக பேராசிரியர் ஒருவர் சொன்னார். மெத்தப் படித்தவர்கள் வாயில் அடிக்கடி கேட்கும் சமாதானம் இது. தொழில்நுட்பம் புதிது என்றால் அதன் பாகங்களை முன்கூட்டியே கூடுதலாகச் சேமித்து வைப்பதன்றோ முறை? புதுமையின் இலாபம் விற்பவருக்கு, புதுமையின் சோதனை வாங்குபவருக்கு என்பது எந்த ஊர் நியாயம்? தவணை ஒருநாள் தவறினால் அபராதம் போடும் உலகில், பொறுமை ஏன் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் அறமாகப் போதிக்கப்படுகிறது? எங்கள் அனுபவம் தனித்ததும் அன்று. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு மின்சார ஸ்கூட்டர் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியபோது, அந்நிறுவனத்தின் மேல் ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்திருந்த புகார்கள் பத்தாயிரத்துக்கு மேல். எங்கள் வண்டி அந்நிறுவனத்துடையது அன்று. நோய் ஒன்றுதான்.

அமெரிக்காவில் பழுது தீராத புதுவண்டியை 'எலுமிச்சை' என்று ஏளனமாகச் சொல்வார்கள். நாம் நல்ல சகுனத்துக்காகச் சக்கரத்தின் கீழ் வைக்கும் பழம் அங்கே ஏமாந்தவனின் கையில் இருக்கும் வண்டிக்குப் பெயர். 1982-இல் கனெக்டிகட் மாநிலம் அந்தப் பெயராலேயே வழங்கும் சட்டத்தை முதன்முதலில் இயற்றியது. பின்னர் ஏனைய மாநிலங்களும் பின்பற்றின. மாநிலத்துக்கு மாநிலம் விவரங்கள் வேறுபடினும் சாரம் எளியது: குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரே பழுது பலமுறை பார்த்தும் தீராவிட்டாலோ, வண்டி மொத்தமாக இத்தனை நாள் பட்டறையில் கிடந்தாலோ, மாற்று வண்டியோ பணமோ தரவேண்டும். நான்கு முறை, 30 நாள் என்பவை அங்கே பரவலாகக் காணப்படும் அளவுகள். கலிபோர்னியாவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம், பொருள் பட்டறையில் இருக்கும் காலத்தை உத்தரவாதக் காலத்தோடு சேர்த்து நீட்டித்துத் தரவும் வழிசெய்கிறது. சிங்கப்பூரிலும் 2012 செப்டம்பர் முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள நாட்டில் இயலுவது, தமிழ் பிறந்த நாட்டில் இயலாதா?

நம் நாட்டில் வண்டிகளுக்கென்று அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. 2006-இல் மாருதி உத்யோக் நிறுவனம் தரப்பாக இருந்த வழக்கில், உத்தரவாதம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும்போது முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல இயலாது என்ற கருத்தை உச்சநீதிமன்றம் எடுத்தது. ஒப்பந்த வாசகத்தின்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாசகத்தை எழுதியது யார்? வாங்குபவர் ஒரு சொல்லையேனும் திருத்த இடமுண்டா? அச்சிட்ட தாளில் கையெழுத்திடுவது மட்டுமே நம் பங்கு. ஆகவே, வாசகம் எழுதும் உரிமை ஒருதரப்புக்கு இருக்கும்வரை, அதில் காலத்தைச் சேர்க்கும் பொறுப்பு சட்டத்தினுடையது என்கிறோம்.

இருக்கும் சட்டமும் வெறுங்கை அன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தால் என்ன? ஐந்து இலட்சம் ரூபாய் வரை விலைகொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன்படியாக 1915 என்னும் எண்ணில் புகாரைப் பதியலாம். எதற்கும் தேவை தாள். ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் தேதியிட்ட ஜாப் கார்டைக் கேட்டு வாங்குங்கள். பழுதை அவர்கள் மொழியில் "பொதுச் சோதனை" என்று எழுத விடாதீர்கள். "ஓடும்போது நின்றுவிடுகிறது" என்று உங்கள் மொழியில் எழுதச் சொல்லுங்கள். திருப்தி என்ற கட்டத்தில் பழக்கத்தால் கையெழுத்திடாதீர்கள்.

இதை அறிவுரையாகச் சொல்லும் தகுதி எங்களுக்குக் குறைவு. முதல் 9 நாளுக்கு எங்களிடம் ஜாப் கார்டே இல்லை, கேட்கவில்லை. நாற்பது நாள்வரை தொலைபேசியில் கெஞ்சினோம். ஒருநாள் பொறுமை இழந்து, நாற்பது வண்டிகளுக்கு நடுவே எண்ணெய்க் கையோடு நின்ற மெக்கானிக் தம்பியிடம் சத்தமிட்டோம். "சார், பாகம் நான் செய்யறதில்லையே" என்றார் அவர். அந்த வளாகத்தில் நாங்கள் கேட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அது. எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, மழுப்பல் இல்லை. எட்டவேண்டியவரை எட்ட முடியாத கோபத்தை எட்டக்கூடியவர்மேல் இறக்கிவைத்தோம். நிறுவனங்கள் நம்பியிருப்பதும் இந்தப் பழக்கத்தைத்தான்.

நாற்பத்தாறாம் நாள் வழக்கறிஞர் நண்பர் வழியாகப் பதிவுத்தபாலில் அறிவிப்பு அனுப்பினோம். ஆறாம் நாள் கண்ட்ரோலர் வந்துவிட்டது. 46 நாள் நாட்டிலேயே இல்லாதிருந்த பொருள், ஒரு தாள் போய்ச் சேர்ந்ததும் எங்கிருந்து முளைத்தது? பாகம் இல்லை என்பது பொய். எங்களுக்கு இல்லை என்பதே உண்மை. அறிவிப்பு அனுப்ப வசதியும் துணிவும் உள்ளவருக்கு வரிசையில் முன்னிடம், மற்றவருக்குப் பின்னிடம் என்றால் அதன் பெயர் உத்தரவாதம் அன்று. எங்களுக்கு வந்த பாகத்துக்காக வேறொருவர் இன்னும் சில நாள் காத்திருக்க நேர்ந்திருக்குமோ என்ற உறுத்தலும் எங்களுக்கு உண்டு.

ஆகவே வண்டி வந்தபின்னும் மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்துள்ளோம். வண்டி வந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. நாங்கள் கேட்பது நான்கு: பழுது நீக்க அதிகபட்சம் 30 நாள் என்ற வரம்பு கையேட்டில் அச்சாக வேண்டும். தாண்டினால் மாற்று வண்டியோ, நாட்படியோ தரவேண்டும். பட்டறையில் கிடந்த ஒவ்வொரு நாளும் உத்தரவாதத்தோடு கூட்டப்பட வேண்டும். தாமதத்துக்குப் பதில்சொல்லும் அலுவலரின் பெயர் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு மாவட்ட ஆணையம் நாடு முழுமைக்கும் விதித்துவிட இயலாது என்பதை அறிவோம். ஆயினும் 61 நாளும் சேவைக் குறைபாடே என்று ஒரு தீர்ப்பில் எழுதப்பட்டால், அடுத்து மனு எழுதுபவருக்கு அது ஒரு படி.

காலை வகுப்பு தை இறுதியில் மீண்டும் தொடங்கியது. வந்தவர்கள் முன்பைவிடக் குறைவு. சிலர் அதற்குள் வராமலே பழகிவிட்டிருந்தார்கள்.