மார்கழியில் மூன்று நாள் சென்னை: என் எக்செல் ஷீட் தோற்ற கதை

போன டிசம்பர்ல செமஸ்டர் லீவுக்கு நானும் அம்மாவும் மதுரையிலிருந்து மூன்று நாள் சென்னைக்குப் போய்விட்டு வந்தோம். கல்யாணம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, பரீட்சை இல்லை... சும்மா ஊர் சுற்ற! எங்கள் வீட்டில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை. "குளிர் காலத்துல எல்லாரும் கொடைக்கானல் போவாங்க, நீங்க வேர்க்கிற ஊருக்குப் போறீங்களே" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சென்னைக்குப் போவதற்கு வருஷத்தில் தகுந்த மாதம் என்று ஒன்று இருந்தால் அது மார்கழிதான். வெயில் கொஞ்சம் இரக்கம் காட்டும். ஊர் முழுக்கக் கச்சேரி, சபா கேன்டீனில் இலை போட்டுச் சாப்பாடு, கடைகளில் பொங்கலுக்கான சரக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும். மழைக்கு மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். 2015-ல் டிசம்பர் முதல் வாரத்தில் வந்த வெள்ளமும் 2023-ல் அதே வாரத்தில் வந்த மிக்ஜாம் புயலும் மறக்கக்கூடியவை அல்ல. அதனால் மாதத்தின் பிற்பாதியில் போவதே நல்லது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிற பொண்ணு திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? எக்செல் ஷீட்! மூன்று நாள், இருபத்துமூன்று இடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், எத்தனை ரூபாய் என்று தனித்தனிப் பத்தி. ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து போட்டேன். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் "சூப்பர்டி, எனக்கும் அனுப்பு" என்று ஏழு பேர் கேட்டார்கள். அந்த ஏழு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தயவு செய்து அந்த ஷீட்டை அழித்துவிடுங்கள்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. விடிகாலை எழும்பூரில் இறங்கி, குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் குளித்துவிட்டு, திரும்ப எழும்பூருக்கே வந்தோம். திட்டப்படி பத்தரைக்கு அரசு அருங்காட்சியகம். 1851-ல் ஆரம்பித்தது, சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் இருக்கிற இடம் என்று வழியெல்லாம் அம்மாவுக்கு விளக்கம் வேறு. வாசலில் போய் நின்றால் கேட் பூட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை! நிமிடக் கணக்கெல்லாம் போட்ட நான் வாரவிடுமுறையைப் பார்க்கவில்லை. ஹி ஹி.

"பரவால்ல, டைம் மிச்சம்" என்று தி.நகருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெரு, அங்கிருந்து பாண்டி பஜார், மறுபடி ரங்கநாதன் தெரு. சாயங்காலம் நாலு மணி இருக்கும். கையில் நாலு பை. அடுத்தது திருவல்லிக்கேணி, அப்புறம் மெரினா, அப்புறம் மயிலாப்பூர் என்று நான் மொபைலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். ஒரு கடைப் படிக்கட்டில் பைகளோடு உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வா பாப்பா. நான் இங்கனயே இருக்கேன். எனக்குப் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல."

இந்த ஊருக்கு வர அம்மா ரெண்டு வருஷமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பது அவள்தான். மார்கழியில் மெட்ராஸில் ஒரு கச்சேரி நேரில் கேட்கணும் என்பது அவள் பள்ளிக்கூடத்தில் பாட்டுக் கற்றுக்கொண்ட காலத்து ஆசை. அப்படிப்பட்டவளை "பாக்கணும்னு ஒண்ணும் இல்ல" என்று சொல்ல வைத்தது என் ஷீட். அன்றைக்கு ஆறு மணிக்கே சித்தி வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். ஒன்பது இடத்தில் ரெண்டுதான் முடிந்தது. அதுவும் பை தூக்கினது மட்டும்தான் ஞாபகம்.

அன்றைக்கு ராத்திரி யோசித்ததைத்தான் என் கருத்தாகச் சொல்கிறேன். ஊர் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் (நான் உட்பட) பணத்தை மட்டுமே செலவாக எழுதுகிறோம். காலும் நேரமும் செலவு என்று எந்தப் பத்தியிலும் வருவதில்லை. மெஷினுக்குத் தேய்மானம் போடுகிற காமர்ஸ் ஸ்டூடன்ட், நாற்பத்தெட்டு வயசு முட்டிக்குத் தேய்மானம் போடவில்லை. அப்புறம், முதல் வருஷத்திலேயே படித்தோமே, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. முதல் இட்லிக்கு இருக்கிற ருசி ஏழாவது இட்லிக்கு இருக்காது. ஒரே நாளில் ஏழாவதாகப் பார்க்கிற இடமும் அப்படித்தான். பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதினேன், ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டேன்.

இன்னொன்று, இலவசம். "சித்தி வீடு இருக்கும்போது எதுக்கு ரூமு" என்று நம் எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். தங்குவதற்குக் காசு இல்லைதான். ஆனால் மார்கழி மாதத்து மயிலாப்பூரைப் பார்க்க வேண்டிய நேரம் விடிகாலை. குரோம்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்கு நேர் ரயில் கிடையாது. மாறிப் போகணும், இல்லை மாம்பலத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கணும். அதற்குள் விடிந்து வெயில் வந்துவிடும். இலவசமாகத் தங்குவதற்காக எதைப் பார்க்க வந்தோமோ அதையே விட்டால், அந்த இழப்புக்குப் பெயர்தான் வாய்ப்புச் செலவு. அறை வாடகையை நான் இப்போது தங்கும் செலவாக நினைப்பதில்லை. ரெண்டு மணி நேரத்தை விலைக்கு வாங்குகிறோம், அவ்வளவுதான்.

அதனால் ரெண்டாம் நாள் ராத்திரிக்கு மட்டும் மயிலாப்பூரில், கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு அறை போட்டேன். சீசன் நேரம், வாடகை கூடுதல்தான். சித்திக்குக் கோபம். "எங்க வீடு அவ்வளவு குறைச்சலாப் போச்சா?" என்று கேட்டாள். அம்மாவுக்கும் சங்கடம். நான் விளக்கம் சொல்லாமல், "நீங்களும் வாங்க சித்தி, விடிகாலைல கோலம் பாக்கலாம்" என்றேன். பதில் வரவில்லை.

இருபத்துமூன்று இடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் வைத்துக்கொண்ட விதிகள் மூன்றே மூன்று:

1. அரை நாளைக்கு ஒரு பேட்டை. எழும்பூர் என்றால் எழும்பூர் மட்டும். நடந்து போகிற தூரத்துக்கு வெளியே எதையும் சேர்க்கக் கூடாது.

2. மதியம் சாப்பிட்டதும் ரெண்டு மணி நேரம் சும்மா இருக்கணும். சென்னைக் கோயில்கள் பலவும் மதியம் நடை சாத்திவிடுவார்கள். சாமிக்கே ஓய்வு இருக்கும்போது நமக்கு என்ன?

3. எதை விடக்கூடாது என்று கூட வருகிறவர் முதலில் சொல்லணும். நான் அப்புறம்தான்.

ரெண்டாம் நாள் சனிக்கிழமை. மறுபடி எழும்பூர் போனோம். அருங்காட்சியகம் திறந்திருந்தது. வெண்கலச் சிலைகள் இருக்கிற கூடத்தில் மட்டுமே ஒன்றரை மணி நேரம். அம்மா ஒவ்வொரு அம்மன் சிலையின் சேலைக் கொசுவத்தையும் தையல்காரியாகப் பார்த்தாள். "இது எத்தனை மடிப்புன்னு எண்ணு" என்று எனக்கு வேலை வேறு. அப்புறம் அதே பாந்தியன் சாலையில் இருக்கிற கோ-ஆப்டெக்ஸ். தி.நகரில் வாங்கியது எல்லாம் எங்கள் விளக்குத்தூண் பக்கம் கிடைக்கிற அதே நைட்டி, அதே சுடிதார். இங்கேயாவது ஊரில் கிடைக்காத எதையாவது எடுக்கணும் என்பது என் கொள்கை. காஞ்சிபுரம், ஆரணி, சேலம் என்று ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மா எடுத்தது என்ன தெரியுமா? மதுரைச் சுங்குடி!

"இதுக்கு ஏம்மா இவ்வளவு தூரம் வரணும்?" என்றேன்.

"ஊர்ல இதை நின்னு பாக்க எனக்கு எங்க நேரம்?" என்றாள்.

என் கொள்கை அங்கேயே செத்தது. ஷாப்பிங் என்றால் பொருள் வாங்குவது என்று நினைத்திருந்தேன். அவசரமில்லாமல் பார்க்கிற அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவள் வாங்கினாள். அதற்காக தி.நகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிறவர்கள் வேலை நாளில் காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள். பை சுமந்தபடி கூட்டத்தில் நசுங்காமல் வர அது உதவும். ஆனால் கச்சேரிக்குப் போகிற நாளில் ஷாப்பிங் வைக்காதீர்கள். பை மடியில் இருந்தால் தாளம் போட முடியாது.

மூன்றாம் நாள் ஞாயிறு. அஞ்சரைக்கு மாட வீதியில் இருந்தோம். வாசல்களில் தண்ணீர் தெளிக்கிற சத்தம், பெரிய பெரிய கோலம், எங்கேயோ திருப்பாவை. ஒரு வாசலில் சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூ. ஆறு மணி வாக்கில் ஆட்டோவிலிருந்து ஒருத்தர் இறங்குகிறார்... சித்தி! தலை ஈரம்கூடக் காயவில்லை. முதல் ரயிலைப் பிடித்து மாம்பலம் வந்திருக்கிறாள். கல்யாணமாகி பதினாறு வருஷமாகச் சென்னையில் இருக்கிறவள், மார்கழியில் மாட வீதியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். "யாரு கூட்டிட்டு வந்தா?" என்றாள். அக்காவும் தங்கையும் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் கை கோத்து நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.

கச்சேரி என்றால் ஆயிரக்கணக்கில் டிக்கெட் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். சாயங்காலம் பெரிய வித்வான்கள் பாடுகிற கச்சேரிக்குத்தான் டிக்கெட். பகல் நேரத்தில் இளம் கலைஞர்கள் பாடுகிற கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மேடையில் என் வயசுப் பெண் ஒருத்தி பாடினாள். அரங்கில் பாதி நாற்காலி காலி. ஆலாபனை தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அம்மா என் காதில் "கல்யாணி" என்றாள். அப்புறம் முடிகிற வரைக்கும் பேசவில்லை. அவள் விரல்கள் மட்டும் தொடையில் எண்ணிக்கொண்டே இருந்தன. இருபத்தொரு வருஷம் கூடவே இருக்கிறேன், அவளுக்கு ராகம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மிஷின் சத்தத்தில் எங்கே கேட்கும்?

மதியம் சபா கேன்டீனில் மூன்று பேருக்கும் இலைச் சாப்பாடு. கேன்டீனில் சாப்பிட கச்சேரி டிக்கெட் தேவையில்லை, காசு கொடுத்தால் போதும். முண்டியடித்து இடம் பிடித்தோம். அப்புறம் அறையில் ரெண்டு மணி நேரத் தூக்கம், சாயங்காலம் கோயில், ராத்திரி ரயில். ரத்னா கஃபே இட்லி சாம்பார் போச்சு. மெரினா போச்சு. ஷீட்டில் இருந்த இருபத்துமூன்றில் நாங்கள் உருப்படியாகப் பார்த்தது ஐந்து.

"அவ்வளவு தூரம் போயிட்டு மெரினா பாக்கலையா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ரயில் டிக்கெட் காசு ஏற்கெனவே போன காசு. இன்னும் ரெண்டு இடம் ஓடினால் அது திரும்பி வராது. கடல் அடுத்த மார்கழியிலும் அங்கேயேதான் இருக்கும். கூட வருகிறவர் "வேணாம், நீ போயிட்டு வா" என்று உட்கார்ந்துவிட்டால், அதற்கு மேல் பார்க்கிற எந்த இடமும் நஷ்டக் கணக்குதான்.

எனவே மக்களே, பொங்கல் லீவுக்கோ அடுத்த டிசம்பருக்கோ திட்டம் போடுகிறவர்கள் ஷீட்டைத் திறப்பதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா எதைப் பாக்கணும்?" அதை நடுவில் வையுங்கள். மீதி தானாக ஒட்டிக்கொள்ளும்.

டிஸ்கி: சித்தி இந்த வருஷம் மூன்று பேருக்கும் சேர்த்து அவளே அறை போடுகிறாளாம், மயிலாப்பூரில். ஷீட் கொண்டு வரக் கூடாது என்று எனக்குக் கண்டிஷன் வேறு!