வயிறு எல்லாம் கொழுப்பல்ல



சென்ற மாதம் ஒருநாள் பின்நேரம் ஒரு சகோதரி என் வீட்டுக்கு வந்தார். நாற்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகளின் தாய், கணவர் இல்லை, தையல் வேலை செய்து சீவிக்கிறார். தேநீர் குடித்து முடித்த பிறகுதான் விடயத்துக்கு வந்தார்.

"அக்கா, வயித்துக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஒப்பரேசன் ஒண்டு இருக்காம். கனடாவில இருக்கிற தங்கச்சி காசு அனுப்புறன், சென்னைக்குப் போய்ச் செய் எண்டு நிக்கிறாள். செய்யலாமோ?"

இப்படிக் கேட்பவர்களை "இந்தக் கஷ்டத்துக்குள்ள அழகு கேக்குதோ" என்று நெளிப்பவர்கள் நம்மிடையே நிறைய. நான் அப்படிச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறினால் "எத்தனை மாதம்?" என்று கேட்டு இடம் விடுகிறார்களாம். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கேள்வி எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்தச் சிகிச்சை என்னவென்று சொன்னேன். 'லைப்போசக்‌ஷன்' என்பது அதன் பெயர். விறைப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரைத் தோலுக்குக் கீழே ஏற்றி, சிறு துவாரத்தினூடாக ஒரு குழாயை விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். குழாயின் நுனி எங்கே போகிறது என்பதை வைத்தியர் கண்ணால் பார்ப்பதில்லை, கையால்தான் உணர்கிறார். பயிற்சி பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், நல்ல உடல்நிலை உள்ளவருக்கு, அளவோடு செய்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வீக்கமும் கண்டலும் சில கிழமைகள் இருக்கும். மரத்த தன்மை மாதக் கணக்கில் நீடிக்கலாம். தோல் தொங்குவதும், மேடு பள்ளமாகிப் போவதும், உள்ளே நீர் தேங்குவதும் உண்டு. இவற்றோடு வாழலாம்.

மற்றவைதான் பயம். காலில் இரத்தம் கட்டியாகி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். சிதறிய கொழுப்பே இரத்தத்தில் கலந்து அதே வேலையைச் செய்யலாம். ஏற்றிய நீர் கூடினால் நுரையீரலில் நீர் கோர்க்கும். விறைப்பு மருந்து கூடினால் உதடு விறைத்து, காது இரைந்து, வலிப்பும் வரலாம், இருதயமும் நிற்கலாம். ஒரே தடவையில் 5 லீற்றருக்கு மேல் எடுப்பதைப் பெரிய சிகிச்சையாகவே கணித்து, ஆசுபத்திரியில் இரவு தங்கவைத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். குழாய் தசையைத் தாண்டிக் குடலைக் குத்துவதும் நடந்திருக்கிறது. 2005 ஒக்டோபரில் நைஜீரிய ஜனாதிபதியின் மனைவி ஸ்டெல்லா ஒபசாஞ்சோ, அறுபதாவது பிறந்தநாளுக்கு மூன்று கிழமை இருக்கையில், ஸ்பெயினில் இந்தச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். குழாய் வயிற்றுக் குழிக்குள் போய்க் குடலையும் ஈரலையும் காயப்படுத்தியிருந்தது. 2009இல் நீதிமன்றம் வைத்தியரைக் குற்றவாளியாகக் கண்டது. நாட்டின் முதல் பெண்மணிக்கே இது நடந்தது.

"சீனி வருத்தமும் குறையுமாம், தங்கச்சி சொன்னவள்" என்றார். அது பிழை. சீனி வருத்தத்தோடு கூடுதலாகச் சம்பந்தப்பட்டது குடலைச் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்பு. குழாய் எடுப்பது தோலுக்குக் கீழே உள்ளதை. 2004இல் அமெரிக்காவில் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றில் பெருமளவு கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில கிழமைகளின் பின் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதமோ, இரத்த அழுத்தமோ, இரத்தக் கொழுப்போ சீராகவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் "எங்க, வயித்தைக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன். அதை முதலே கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடம் தாதியாக வேலை செய்தும் சில நேரம் வாய்தான் முந்துகிறது.

நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டி நீளமான தழும்பு. 2009 மாசியில் செல் துண்டு பட்டு, கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவந்து வயிற்றைத் திறந்தவர்களாம். கட்டிலில் படுக்கச் சொன்னேன். படுத்ததும் வயிறு பாதி இறங்கிவிட்டது. தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். தழும்பின் நடுவில் தேங்காய்ப் பாதி அளவில் ஒரு மேடு கிளம்பியது. இருமும்போதும் அப்படியே. விரலால் தடவினால் இரு பக்கத் தசைக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது.

அது கொழுப்பில்லை, ஹேர்னியா. தைத்த இடத்தில் தசை விட்டுப்போய், தோலுக்குச் சற்றுக் கீழேயே குடல் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் உறிஞ்சும் குழாய் போனால் என்ன நடக்கும் என்று அவருக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. "அம்மாளாச்சி" என்று எழும்பி இருந்துவிட்டார்.

வயிற்றில் பழைய தழும்பு உள்ள சகோதரிகள், செல் காயமென்றாலும் சிசேரியன் என்றாலும், இதே மாதிரிப் படுத்துத் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேடு தெரிந்தால் அரசாங்க ஆசுபத்திரியின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டுங்கள், கட்டணம் இல்லை. அந்த மேடு திரும்ப உள்ளே போகாமல் இறுகி நொந்து, சத்தியும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஓட்டோ பிடியுங்கள். உடம்பில் இன்னும் செல் துண்டு இருப்பவர்கள் எந்த வைத்தியரிடமும் அதை முதலில் சொல்ல வேண்டும், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம்.

ஏற்கனவே கொழுப்பெடுத்துவிட்டு வந்தவர்களும் உங்களில் இருக்கலாம். மறைக்க வேண்டாம். மூச்சு முட்டல், நெஞ்சு நோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், காய்ச்சலோடு வயிறு கல்லாக இறுகுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆசுபத்திரிக்குப் போய், செய்த சிகிச்சையை வெட்கப்படாமல் சொல்லுங்கள். செய்த வைத்தியர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இங்குள்ளவருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

அந்தச் சகோதரி கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தார். வலை வைத்துத் தைக்க வேண்டுமாம், அதற்கு முன் சீனியைக் கட்டுப்படுத்திக்கொண்டு வரச் சொல்லித் துண்டு கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் வயிற்றுப் பட்டி.

"தங்கச்சிக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டேன்.

"சொன்னனான். அழுதவள். பிறகு, பட்டிக்குக் காசு அனுப்பட்டோ எண்டு கேட்டவள்."