எங்களை மரம் என்று எழுதாதீர்கள்

மலேசியத் தமிழ்க் கவிதையில் ஓர் உவமைக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும். 'பெயர்த்து நட்ட மரம்', 'வேரறுந்த பனை', 'அந்நிய மண்ணில் துளிர்த்த தென்னை'. பினாங்கில் எந்த இலக்கியச் சந்திப்புக்குப் போனாலும் யாராவது ஒருவர் இந்த மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். கைத்தட்டலும் கிடைக்கிறது. தட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு மரத்தை அதற்குப் பழக்கமில்லாத மண்ணில் வளர்த்துப் பார்த்திருப்பார்கள்?

இங்கே அதற்கு வாய்ப்பும் குறைவு. ஒரு மரத்தின் பெயரையே தீவுக்கு வைத்த ஊர் இது. பினாங் என்றால் பாக்கு. மாநிலக் கொடியிலும் பாக்கு மரம்தான் நிற்கிறது. கொடிமலை உச்சிக்கே போனாலும் ஒரு ஸ்வெட்டர் போதும். உறைபனி என்றால் என்னவென்று நம் செடிகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

என் தங்கை மகன் இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில் ஒரு பனை வளர்க்கிறான். நம் பனை இல்லை. 1849இல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவின் சூசான் தீவிலிருந்து அங்கே அனுப்பிவைத்த இனம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனத் தேயிலையைக் கடத்திய அதே மனிதர்தான். குளிர் தாங்கும் பனைகளில் இதுதான் பேர்போனது. பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி போனாலும் வளர்ந்த மரம் பிழைத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் ஒவ்வொரு நவம்பரிலும் அவன் மட்டைகளை மேலே தூக்கிக் கட்டுகிறான், குருத்தைச் சுற்றி மெல்லிய துணி போர்த்துகிறான், அடியில் காய்ந்த இலைகளைக் குவிக்கிறான். "குளிர் கொல்றதில்ல மாமா, ஈரம்தான் கொல்லுது" என்கிறான். குருத்துக்குள் தண்ணீர் இறங்கி உறைந்தால் அழுகல் பிடிக்கும். வசந்தத்தில் நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்க வேண்டுமாம். கையோடு வந்துவிட்டால் பெரும்பாலும் மரம் முடிந்தது. தென்னை வைத்திருக்கிறவர்களுக்குக் குருத்தழுகல் புதிதல்ல. ஒற்றைத் தண்டுப் பனைக்கு உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பக்கக் கிளை கிடையாது, தண்டில் பட்ட காயம் மூடவும் மூடாது.

யூகலிப்டஸ் வேறு சாதி. டாஸ்மேனியா மேட்டு நிலத்து இனங்களையும் ஆஸ்திரேலியப் பனிமலை இனங்களையும் அங்கே நடுகிறார்கள். பல இனங்களுக்கு மண்ணையொட்டிக் கிழங்கு மாதிரி ஒரு அடிமுண்டு உண்டு. மேலே எல்லாம் கருகிச் செத்தாலும் அதிலிருந்து தளிர் வரும். 2010 டிசம்பர் பிரிட்டனில் நூறு வருஷத்தில் இல்லாத குளிர். அப்போது செத்துப்போச்சு என்று வெட்டிய மரங்களில் சில, அடுத்த கோடையில் அடியிலிருந்து கிளம்பின. இன்னொரு விஷயமும் சொன்னான்: பெரிய கன்றாக வாங்கி நடக் கூடாது. தொட்டிக்குள் வேர் சுருண்டுபோய் வளர்ந்த மரம் காற்றில் சாயும். சின்னதாக நட்டால்தான் பிடித்து நிற்கும்.

கவிஞர்கள் இதையெல்லாம் உவமைக்குள் கொண்டுவந்ததே இல்லை. அவர்களுடைய மரம் தானே துளிர்க்கிறது, தானே தாங்குகிறது. கொல்லைப் பனைக்குத் துணி சுற்ற ஒரு ஆள் இருக்கிறான். ரப்பர் தோட்டத்து லயத்தில் நம் பாட்டன்மாருக்கு யார் சுற்றினார்கள்? மலேரியாவில் செத்தவர்களை 'தாங்காத கன்று' என்று எழுதுவீர்களா? மரம் என்று சொன்ன உடனே கங்காணியும் துரையும் கூலிக் கணக்கும் காணாமல் போய்விடுகிறார்கள், பருவநிலை மட்டும் மிஞ்சுகிறது. யாரும் குற்றவாளி இல்லை, வெறும் வானிலை.

இது சோம்பேறித்தனம் மட்டுமாக இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இதில் ஆபத்தும் இருக்கிறது.

அதே சூசான் பனை சுவிட்சர்லாந்தின் தெற்கே டிச்சினோ பகுதியில் தோட்டங்களைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. ஒரு காலத்தில் ஊருக்கு அழகு என்று படம் பிடித்து அஞ்சலட்டையில் போட்ட மரம். 2024 செப்டம்பர் முதல் அந்த நாட்டில் அதை விற்கத் தடை, ஆக்கிரமிப்புத் தாவரம். துணி சுற்றிக் காப்பாற்றும்வரை விருந்தாளி, தானே குடும்பம் பெருக்கினால் படையெடுப்பாளன். நீலகிரியில் 1843இல் கொண்டுவந்த யூகலிப்டஸுக்கும் அதே கதிதான். சோலைக்காட்டையும் புல்வெளியையும் தின்றதால் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. (இத்தனைக்கும் அதன் எண்ணெயை நாம் நீலகிரித் தைலம் என்று நம் மலையின் பெயரில்தான் கூப்பிடுகிறோம். சளி பிடித்தால் யாரும் அது எந்த நாட்டு மரம் என்று கேட்பதில்லை.)

மரங்களைப் பொறுத்தவரை இரண்டு முடிவும் சரி என்றே நினைக்கிறேன். புல்வெளி போனால் மலையில் தண்ணீர் போய்விடும். ஒரு தாவரத்தை வந்தது, இருந்தது என்று பிரித்துப் பார்ப்பதும், தேவைப்பட்டால் வெட்டுவதும் காட்டைக் காப்பவர்களின் வேலை. அதனால்தான் சொல்கிறேன்: நம்மை நாமே அந்தப் பட்டியலில் எழுதிக்கொடுக்காதீர்கள். நம்மைப் பார்த்து 'பெண்டாத்தாங்', வந்தேறி என்று கத்துகிறவன் சொல்வதும் இதே உவமையைத்தான். அவன் வெறுப்போடு சொல்கிறான், நாம் கண்ணீரோடு சொல்கிறோம். மண் இவனுடையது, மரம் வேறு இடத்தது என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்நாட்டில் உண்மையிலேயே பெயர்த்து நட்ட மரங்களை யாரும் வந்தேறி என்பதில்லை. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காக நடப்பட்டது. இன்று அது தேசியச் செல்வம். அதைச் சுமந்தவனின் பேரனிடம்தான் ஊர் எது என்று கேட்கிறார்கள்.

மரத்துக்கு அடையாள அட்டை தேவையில்லை. இங்கேயே பிறந்து, சிவப்பு அட்டையோடு செத்துப்போன கிழவிகள் எனக்குத் தெரிந்து ஜார்ஜ்டவுனிலேயே இருந்தார்கள். ஓட்டுப் போட முடியாமல், எந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டாலும் எங்கோ ஒரு பிறப்புப் பத்திரம் குறைந்து, அலுவலகத்துக்கு அலுவலகம் அலைந்தவர்கள். அந்த அலைச்சலை எழுதுங்கள். எந்த முகப்பில் எத்தனை மணிக்கு என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், பஸ் காசு எவ்வளவு, கூட வந்த பேத்தி அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லையே, அவள் இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்று எழுதுங்கள்.