பூமிக்கடியில் ஒரு கம்பெனி

சென்ற வாரம் வகுப்பிலே யூரியா தயாராகும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சியிலிருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஸார், வாயு கொண்டுபோகிற கம்பெனிக்கு லாபத்தைத் தவிர வேறு லக்ஷியம் உண்டா?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நேரமில்லாமற் போனதை நேயர்களிடம் சொல்கிறேன்.

பம்பாய்க்கு மேற்கே கடலடியில் 1974-ஆம் வருஷம் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெயோடு வாயுவும் வெளிவந்தது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றலாம். வாயுவை என்ன செய்வது? அதில் பெரும் பகுதியைக் கடல் நடுவிலேயே கொளுத்தி விட்டார்கள். நம் வீடுகளில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் அங்கே இரவும் பகலும் அந்தத் தீபம் எரிந்தது! பிறகு அருகிலேயே பெரிய வாயு ஊற்று ஒன்றும் அகப்படவே, அதைக் கரைக்குக் கொண்டுவந்து உள்நாட்டுக்கு அனுப்பத் தேசத்துக்குச் சொந்தமான ஸ்தாபனம் ஒன்று வேண்டுமென்று ஸர்க்கார் தீர்மானித்தார்கள். 1984 ஆகஸ்டு மாதம் இந்திய வாயு ஆணையம், அதாவது 'கெயில்', பிறந்தது.

அதன் முதற்காரியமே பகீரதப் பிரயத்தனந்தான். கூர்ஜரத்துக் கடற்கரையிலுள்ள ஹஜீராவிலிருந்து, மத்தியப் பிரதேசத்து விஜய்ப்பூர் வழியாக, உத்தரப் பிரதேசத்து ஜகதீஷ்பூர் வரை ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் தூரத்துக்கு இரும்புக் குழாய் புதைத்தார்கள். வாயு தானாக அவ்வளவு தூரம் ஓடாது. போகப்போக அமுக்கம் குறையும். ஆகையால் ஜாபுவா, விஜய்ப்பூர், ஔரையா முதலிய இடங்களில் யந்திரங்கள் அதை மீண்டும் அமுக்கித் தள்ளுகின்றன. குழாயின் உட்புறத்தைத் துடைக்க ஒரு கருவியை உள்ளே செலுத்துவார்கள். அதற்கு எஞ்சினீயர்கள் வைத்திருக்கும் பெயர் 'பன்றி'! எவர் வைத்த பெயரோ, அது செய்யும் வேலைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

இவ்வாயுவிலிருந்து ஹைடிரஜனைப் பிரித்து அம்மோனியாவும், அதிலிருந்து யூரியாவும் செய்கிறார்கள். குழாய் வழியில் விஜய்ப்பூர், ஆவன்லா, ஜகதீஷ்பூர் ஆகிய இடங்களில் உரச்சாலைகள் எழுந்தன. வடநாட்டு வயலில் விளையும் கோதுமையில் அரபிக் கடலின் வாயுவும் கலந்திருக்கிறது என்றால் மிகையல்ல.

நிற்க, பையனுடைய கேள்விக்கு வருவோம். வாடிக்கைக்காரர் நலம், சம்பந்தப்பட்ட அனைவருக்கும் பயன், சுற்றுச்சூழலைக் காக்கும் பொறுப்பு இவையே தன் நோக்கம் என்று கம்பெனி பிரகடனம் செய்திருக்கிறது. நல்ல வார்த்தைகளே. ஆனால் கம்பெனியின் குணத்தை அறிய அதன் அறிக்கையை மட்டும் படித்தாற் போதாது. குழாய் எவருடைய நிலத்தின் கீழ் போகிறதோ, அவரிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1962-ஆம் வருஷத்துச் சட்டப்படி நிலம் குடியானவனுக்கே சொந்தம். குழாய் பதிக்கும் உரிமை மட்டுமே கம்பெனிக்கு. ஆனால் அந்தப் பட்டையில் அவன் வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் நடலாகாது. பயிருக்கும் மரத்துக்கும் நேர்ந்த நஷ்டம் போக, நிலத்தின் சந்தை விலையில் 100-க்கு 10 பங்கு ஈடாகத் தருவார்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவனுக்கு இது எம்மாத்திரம்? கொச்சியிலிருந்து வரும் குழாயைக் கோயமுத்தூர் முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு ஜில்லாக்களில் பதிக்க முற்பட்டபோது நம் விவசாயிகள் எதிர்த்தது இதனால்தான். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி 2013-இல் தமிழ்நாட்டு ஸர்க்கார் கூறினர். வழக்கு டில்லிவரை சென்றது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டம் ஜயித்தது, குடியானவனுடைய மனம் ஆறிற்றா என்பது வேறு விஷயம்.

அவர்கள் அஞ்சியது வெறும் பிரமையுமல்ல. 2014 ஜூன் 27 அதிகாலையில், ஆந்திர தேசத்துக் கிழக்குக் கோதாவரி ஜில்லா நகரம் என்னும் கிராமத்தில் இதே கம்பெனியின் குழாய் கசிந்து தீப்பற்றியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களும் அப்போதுதான் எழுந்தவர்களுமாக 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈரம் நீக்காத வாயு சென்றதால் குழாய் உட்புறம் அரித்துப்போயிருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. பாதுகாப்பே பிரதானம் என்று எழுதி வைப்பதற்கும், ஈரத்தை நீக்கும் யந்திரத்தைக் காலத்தில் நிறுவுவதற்கும் இடையே எவ்வளவு தூரம்!

இதற்காகத் தேசத்துக்குக் குழாயே வேண்டாமென்று சொல்லமாட்டேன். டில்லி நகரத்து பஸ்களை இவ்வாயுவில் ஓட்டும்படி சுப்ரீம் கோர்ட்டு 1998-இல் உத்தரவிட்ட பிறகு, அங்கே பஸ்களின் கரும்புகை அடங்கியதை எவரும் மறுக்க முடியாது. இன்றும் கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு மேல் ஸர்க்காருடையவை, அதாவது நம்முடையவை. சொந்தக்காரர்கள் கேள்வி கேட்பதில் தவறென்ன?

பையன் மறுநாள் மற்றொரு கேள்வியோடு வந்தான்: "ஸார், கசிந்தால் மணக்குமே, கிராமத்தாருக்குத் தெரியாதா?" இயற்கை வாயுவுக்கு மணமே கிடையாது. 1937-இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணமற்ற வாயு நிறைந்து வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதன் பிறகே துர்நாற்றப் பொருளைக் கலக்கும் சட்டம் அங்கு வந்தது. நம் தேசத்தில் வீடுகளுக்குச் செல்லும் வாயுவில் அதைக் கலக்கிறார்கள். நெடுந்தூரக் குழாய்களில் பொதுவாகக் கலப்பதில்லை. இதைக் கேட்டுப் பையன் வெகு நேரம் பேசாமல் நின்றான்.