கரட்டில் என்ன இருக்கிறது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

பல்லி என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது பஞ்சாங்கம்தான். தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் இன்னொன்று. எந்தத் திசையில் கத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் கௌளி சாஸ்திரத்தில் விடை உண்டு. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கிவிட்டுத்தான் வருவார்கள். இத்தனை மரியாதை பெற்ற ஓர் உயிரைப் பற்றி, பலனைத் தவிர வேறெதையும் நாம் அறிந்துகொள்ளவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

சங்ககிரியை எடுத்துக்கொள்வோம். 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை என்று கொங்கு நாட்டில் சிறு பிள்ளையும் சொல்லும். லாரித் தொழிலைச் சொல்வோரும் உண்டு. ஆனால் 2019-இல் விலங்கியல் ஏடுகளில் அவ்வூர் வேறொரு காரணத்தால் இடம் பெற்றது. அங்குள்ள பாறைகளில் வாழும் சிறு பல்லியொன்று அதுவரை பெயரிடப்படாத தனி இனம் என்று கண்டு, ‘நெமாஸ்பிஸ் அகர்வாலி’ எனப் பெயர் சூட்டினார்கள். அதே ஆண்டில் ஏற்காட்டுச் சேர்வராயன் மலையிலிருந்து மேலும் இரண்டு இனங்கள் அறிவிக்கப்பட்டன.

இது நம் வீட்டுச் சுவர்ப் பல்லி அன்று. வீட்டுப் பல்லியின் விரலடியில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் உண்டு. இதற்கு அவை கிடையா. நகத்தால் பற்றித்தான் பாறையில் ஏறுகிறது. வீட்டுப் பல்லியின் கண்மணி வெளிச்சத்தில் கோடாகச் சுருங்கும். இதற்கோ வட்டக் கண்மணி, பகலில் நடமாடும் பிராணி. உடல் நிறம் பாறையின் நிறமே. கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் அசையும் வரையில் கண்ணுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் கல் கொதிக்கும்போதும் பாறையிடுக்கினுள் நிழலும் குளிர்ச்சியும் இருக்கின்றன. அந்த இடுக்குதான் இதற்கு வீடு, முட்டையிடும் அறை, எல்லாம். இடுக்கை விட்டு, உழுத காட்டையும் தார்ச்சாலையையும் கடந்து அடுத்த கரட்டுக்குப் போக இதனால் ஆகாது. எனவே ஒவ்வொரு கரடும் ஒரு தீவு. ஒரு தீவு அழிந்தால் வேறெங்கும் இல்லாத இனமே போய்விடக்கூடும்.

(காஞ்சியில் தொட்டு வணங்குகிறோமே, உண்மையிலேயே ஒரு தங்கப் பல்லியும் உண்டு. திருப்பதி மலைப் பாறைகளில் அதைக் கண்டு 1870-இல் உலகுக்கு அறிவித்தவர் சென்னை மாகாண வனத்துறையை நடத்திய கர்னல் பெடோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி மஞ்சளாய் ஒளிரும். தரிசனத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?)

ஆர்.எஸ்.புரத்தில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. நான் பலமுறை சென்றிருக்கிறேன். ஒவ்வொரு கோவை மாணவரும் பார்க்க வேண்டிய இடம். ஆனால் அங்கு வருகிறவர்கள் பெரிய மிருகத்தின் முன்தான் கூட்டமாக நிற்கிறார்கள். காடென்றால் மரமும் யானையும் என்பதே நம் எண்ணம். மரமில்லாத கரட்டைக் காடு என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. வருவாய்த்துறைக் கணக்கிலும் அது ‘பாறை’, ‘கல்லாங்குத்து’, ‘தரிசு’ என்றே எழுதப்படுகிறது. தரிசு என்று எழுதிய பின் அதற்கு மிஞ்சும் மதிப்பு ஜல்லியின் மதிப்புத்தான்.

கல்குவாரிகளையெல்லாம் மூடிவிடு என்று நான் சொல்லவில்லை. என் பெரியப்பா கல்லுடைத்த கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்கு வந்தேன். வீடும் பாலமும் கட்டக் கல் வேண்டும். எந்தக் கரட்டை உடைக்கலாம், எதை உடைக்கக்கூடாது என்று பார்த்துவிட்டு உடையுங்கள் என்பதே என் வாதம். சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அனுமதிக்காக உயிரினங்களைக் கணக்கெடுப்பவர் சாலையில் நின்று மயிலையும் முயலையும் எழுதிக்கொண்டு போனால் போதுமா? குனிந்து இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாமா?

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. பின்னர் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம், மக்கள் எதிர்த்து எழுந்ததால் 2025 ஜனவரியில் ரத்தாயிற்று. மகிழ்ச்சியே. ஆனால் அரிட்டாபட்டிக்குச் சமணர் படுகை உண்டு, தமிழி எழுத்து உண்டு, பாண்டியர் குடைவரை உண்டு. சங்ககிரிக்குக் கோட்டை உண்டு. கல்வெட்டும் கோட்டையும் இல்லாத எங்கள் பக்கத்துக் கரடுகளுக்காக யார் பேசுவது?

எங்கள் துறை மாணவர்கள் பேசலாம். வகுப்பில் பலர் கரடு உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பாறையிடுக்குகளைப் பார்த்து, கண்ட பல்லியைக் கைப்பேசியில் படமெடுத்து, ஊர், நாள், நேரம் குறித்துக் கொண்டுவந்தால் துறையில் ஒரு பதிவேடு வைக்கலாம். பிடிக்க வேண்டாம், கல்லைப் புரட்ட வேண்டாம். புரட்டினால் அடியில் தேள் இருக்கும், முட்டையும் இருக்கலாம்.