பத்தாம் வகுப்போடு முடிகிற பாடம்

பரிணாமம் என்று வாயெடுத்தாலே, "அப்ப உங்க தாத்தா குரங்காப்பா?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் எங்கள் சித்தையன்கோட்டையிலும் உண்டு. குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி! இருவருக்கும் பொதுவான மூதாதை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு மூன்றிலும் எலும்புகள் ஒரே அமைப்பில் இருப்பது இத்தகைய உறவுக்குச் சாட்சி.

"அதெல்லாம் பழங்கதை, யார் கண்டா?" என்பீர்களா? நம் காலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். நூற்பாலைகள் நிறைந்த திண்டுக்கல்லுக்குப் பருத்தி அந்நியமா என்ன? காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும் பி.டி. பருத்திக்கு 2002-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. புழுக்கள் செத்தன. ஆனால் பிறவியிலேயே அந்த நஞ்சைத் தாங்கும் ஒருசில பிழைத்தன. அவற்றின் வாரிசுகள் பெருகின. 2010-ல், குஜராத்தின் 4 மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குச் சாவதில்லை என்று விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. எட்டே வருஷம்! எந்தப் புழுவும் முயற்சி செய்து மாறவில்லை. தாங்கியது தங்கியது, தாங்காதது போனது. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்று 1859-ல் வெளிவந்த நூலில் டார்வின் விளக்கினார்.

பி.டி. வயலின் ஓரத்தில் சாதாப் பருத்தியும் விதைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அங்கே பிழைக்கும் சாதாப் புழுக்கள், நஞ்சைத் தாங்கும் புழுக்களோடு இனம் கலந்தால் எதிர்ப்புத் திறன் பரவுவது தாமதமாகும். பலர் விதைக்கவில்லை. காரணம் புரியாத விதியை யார்தான் மதிப்பார்கள்?

இப்படி வயிற்றுப்பாட்டோடு ஒட்டிய பாடத்தைத்தான் என்.சி.இ.ஆர்.டி. 2023-ல் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து நீக்கியது. 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். "பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே" என்று பதில் வந்தது. யாருக்கு இருக்கிறது? உயிரியல் எடுப்பவர்களுக்கு! பத்தாவது முடித்து நேராகப் பாலிடெக்னிக் வரும் நமக்கு? வேலைக்குப் போய்விடும் நம் கூட்டாளிகளுக்கு? எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் சொல்லாவிட்டால் எனக்குச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. நல்லவேளை, நான் படித்த தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்தப் பாடம் இருந்தது.

பாடச்சுமையைக் குறைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதை வெட்டுவது என்று முடிவெடுப்பவர்கள், பத்தாம் வகுப்புதான் கடைசி அறிவியல் வகுப்பாக அமைந்துவிடும் பிள்ளைகளை நினைத்து வெட்டட்டும். பரிணாமம் டாக்டருக்கு மட்டுமல்ல, மருந்து தெளிப்பவருக்கும் வேண்டும்!